கூதிர் காலமும் கூடார விழாவும்



ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் நம்மில் பலருடைய கையடக்கத் தொலைபேசிகளுக்கு ஒரே விதமான படங்கள் வந்து சேரும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் மகனோ மகளோ அனுப்பும் படங்கள் அவை. மஞ்சளும் சிவப்புமாய் நிறம் மாறிய மரங்கள். உதிர்ந்த இலைக் குவியலுக்குள் குதித்து விளையாடும் பேரப்பிள்ளைகள். "அம்மம்மா, இங்கே இலையெல்லாம் சிவந்துபோயிற்று" என்று கூறும் மழலைக் குரல். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றின் யன்னலோரத்தில் அமர்ந்து அப்படங்களை மீண்டும் மீண்டும் பார்க்கும் தாய்மார் எத்தனை பேர்! "எங்களுக்கு இப்படி ஓர் அழகான காலம் இல்லையே" என்று அவர்களுள் சிலர் பெருமூச்சு விடுவதும் உண்டு.

உண்மையில் நமக்கு அத்தகைய காலம் இல்லையா? இருக்கின்றது. நாம்தான் அதனைக் காலம் என்று எண்ணாமல், குடை தேடும் தொல்லை என்று மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம்.

நமது இலையுதிர் காலம்

நம் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களும் கூதிர் காலம் எனப்பட்டன. மேலைநாட்டவர் இலை உதிர்வதைக் கண்டு தம் பருவத்துக்குப் பெயரிட்டனர். நம்மவரோ உடலைத் தொடும் குளிரை வைத்துப் பெயரிட்டனர். 'ஐப்பசியில் அடைமழை' என்று சிறுவயதில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த அடைமழைக் காலமே நமது இலையுதிர் காலம்.

இலங்கையின் வானிலை அறிஞர்கள் ஆண்டினை நான்காகப் பிரிக்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று செப்டெம்பரில் ஓய்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று டிசெம்பரிலேயே நிலைபெறுகின்றது. இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாவது இடைப்பருவ காலம் எனப்படும். இக்காலத்தில் காற்று வலுவிழந்திருக்கும். முற்பகலில் வெயில் சுடும். நிலம் வெப்பமடைந்து, கடலின் ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகத் திரளும். பிற்பகலில் இடியும் மின்னலும் தொடங்கும். கொழும்பு நகர் இவ்விரு மாதங்கள் ஒவ்வொன்றிலும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையைப் பெறுகின்றது. பருவக்காற்று மழை நாட்டின் ஒரு பக்கத்தை நனைத்து மறுபக்கத்தைக் காயவிடுவதுண்டு. இக்காலத்து மழையோ பெரும்பாலும் தீவு முழுவதற்கும் பொதுவானது. கொட்டாஞ்சேனையில் நாம் குடையை விரிக்கும் இதே வாரங்களில்தான் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் உழவர்கள் பெரும்போகத்துக்கு நெல் விதைக்கின்றனர். நமக்குத் தொல்லையாகத் தோன்றும் நீர், அவர்களுக்கு அடுத்த ஆண்டின் சோறு.

விருந்தினர் வருவதும் இக்காலத்திலேயே. இமயமலையின் அடிவாரக் காடுகளிலிருந்து புறப்பட்டு, இந்தியாவைக் கடந்து, ஒரு சிறிய பறவை நம் நாட்டுக்கு வந்து சேர்கின்றது. பச்சை முதுகும் செந்நிற அடிவயிறும் குட்டை வாலும் கொண்ட அப்பறவை காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால், தமிழில் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். கொழும்பின் வீட்டுத் தோட்டங்களிலும் அதனைக் காணலாம். ஆலயத்தில் மூவேளைச் செபத்துக்கு மணி ஒலிக்கும் அதே மாலைப் பொழுதில் ஒரு மதிலுக்கு அப்பாலிருந்து அதன் சீழ்க்கை ஒலி கேட்டால், சற்று நின்று செவிகொடுத்துப் பாருங்கள். நெடுந்தொலைவு பறந்து வந்த ஒரு சிற்றுயிர் நம் அயலில் தங்குமிடம் கண்டிருக்கின்றது.

மழை கூட்டிச் சேர்க்கும் குடும்பம்

இக்காலத்தின் சிறந்த கொடை நம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கின்றது. மற்றைய மாதங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் இருப்போம். புறக்கோட்டைக் கடையை மூடிவிட்டுத் தந்தை வர இரவாகும். பிள்ளைகள் ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்கு ஓடுவர். தாய்க்குச் சமையலறையே உலகம். ஆனால், மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்து, காலி வீதியில் வெள்ளம் தேங்கி, வாகனங்கள் நகராமல் நின்றுவிட்டால் எல்லாத் திட்டங்களும் கலைந்துவிடும். நனைந்த கோழிக்குஞ்சுகளைப் போல ஒவ்வொருவராக வீடு வந்து சேர்வர். "முதலில் தலையைத் துவட்டு" என்ற குரலோடு ஒரு துவாயும், பின்னர் ஒரு குவளை கொத்தமல்லித் தண்ணீரும் கைக்கு வரும். இதனைவிட எளிமையான அன்பின் மொழி வேறென்ன இருக்கின்றது?

இடியோடு மின்சாரமும் நின்றுவிட்டால் இன்னும் நல்லது என்றே சொல்லத் தோன்றுகின்றது. தொலைக்காட்சி அணைந்துவிடும். ஒரு மெழுகுதிரியைச் சுற்றி நான்கு முகங்கள் தெரியும். அந்த வெளிச்சத்தில்தான் மகனுக்கு மீசை அரும்பியிருப்பதைத் தந்தை கவனிக்கின்றார். தாத்தாவின் கை நடுங்கத் தொடங்கியிருப்பதைப் பேத்தி கவனிக்கின்றாள். ஒரே வீட்டில் வாழ்ந்தும் நாம் ஒருவரையொருவர் பார்க்காமலே மாதங்களைக் கழித்திருப்பது அப்போது புரிகின்றது.

1883ஆம் ஆண்டு திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் ஒக்டோபர் மாதத்தைச் செபமாலைக்கு உரிய மாதமாக்கினார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் மழையின் ஓசையினூடே செபமாலையின் ஓசை எழுவது பல தலைமுறைகளுக்குப் பழகிய ஒன்று. முதியவர் தொடங்க, இளையவர் முடிக்க, நித்திரை தூங்கும் கடைக்குட்டி இடையிடையே விழித்துத் தானும் சேர்ந்துகொள்ளும். கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவ இல்லங்களிலும் குடும்பச் செபத்துக்கு மழை மாலையைப்போல் வாய்ப்பான வேளை வேறில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறியவர்களின் வீடுகளில் மழைநாளுக்கென்று ஓர் உணவு உண்டு. அதுவே ஒடியல் கூழ். ஒடியல் மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எனக் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்து, புளியும் செத்தல் மிளகாயும் உறைக்க உறைக்கக் காய்ச்சுவார்கள். பலா இலையைக் கோலிக் கையிலேந்தி, ஆவி பறக்கக் குடிக்க வேண்டும். கூழுக்கு ஓர் இயல்பு உண்டு: அதனை ஒருவருக்கு மட்டும் காய்ச்ச முடியாது. இத்தனை பொருள்களும் சேர்ந்தால் பானை தானாகவே நிறைந்துவிடும். நிறைந்த பானை அயல் வீட்டின் கதவைத் தட்ட வைக்கும். இந்தக் கூழ்ப்பானையை நினைவில் வைத்திருங்கள். அதனிடம் நாம் மீண்டும் வருவோம்.

மகிழ்ந்திருக்கும்படி ஒரு கட்டளை

இத்தகைய வீட்டு மகிழ்ச்சி சாதாரணமானது, ஆன்மிகத்தோடு தொடர்பற்றது என்று எண்ணும் பக்தர்கள் சிலர் உள்ளனர். நோன்பும் கண்ணீரும்தாம் இறைவனுக்கு உகந்தவை என்பது அவர்கள் கருத்து. திருவிவிலியமோ வேறுவிதமாகப் பேசுகின்றது.

பண்டைய இஸ்ரயேலர் தம் இலையுதிர் காலத்தில், ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாள் தொடங்கி ஏழு நாள்கள் கூடார விழாவினைக் கொண்டாடினர். நமது கணக்கில் அது செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வரும். களத்துத் தானியமும் ஆலையின் திராட்சை இரசமும் வீடு வந்து சேர்ந்த வேளை அது. நீண்ட கோடை முடிந்து, நிலத்தை உழுவதற்கு ஏற்ற முன்மாரியை எதிர்நோக்கி மக்கள் வானத்தைப் பார்த்திருந்த வேளையும் அதுவே. அந்த நாள்களில் மகிழ்ந்திருக்குமாறு இணைச்சட்ட நூலின் 16ஆம் அதிகாரம் கட்டளையிடுகின்றது. ஆம், மகிழ்ச்சியே அங்கு கட்டளையாகின்றது.

யார் யார் மகிழ வேண்டும் என்பதையும் அதே பகுதி எண்ணிச் சொல்கின்றது. நீ, உன் மகன், உன் மகள் என்று தொடங்குகின்ற அப்பட்டியல் அத்தோடு நின்றுவிடவில்லை. வீட்டில் வேலை செய்யும் ஆணும் பெண்ணும், நிலமற்ற லேவியர், ஊருக்குள் வந்து தங்கியிருக்கும் அந்நியர், தாய் தந்தையற்ற பிள்ளை, கணவனை இழந்தவர் ஆகிய அனைவரும் அதில் இடம்பெறுகின்றனர். குடும்பத்தின் விருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய கட்டளை, குடும்பத்தின் எல்லையையே அகற்றிவிடுகின்றது. நமது கூழ்ப்பானை செய்வதும் இதுதானே!

இன்னொன்றும் கூறப்பட்டுள்ளது. அந்த ஏழு நாள்களும் அவர்கள் தம் உறுதியான வீடுகளைவிட்டு வெளியேறி, ஓலையும் தழையும் வேய்ந்த குடில்களில் தங்க வேண்டும். குடிலின் கூரை இறுக வேயப்படலாகாது. அதனூடாக விண்மீன்கள் தெரிவது நன்று என்பது இன்றுவரை யூதர்கள் பேணிவரும் மரபு. காரணத்தை லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம் விளக்குகின்றது. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் வீடின்றிக் குடில்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறைகள் அறிந்திருக்க வேண்டும். அதாவது, களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையிலேயே வீடற்றிருந்த நாள்களை நினைக்க வேண்டும். மகிழ்ச்சியும் நினைவும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

மழையில் நடந்த நாள்கள்

அன்பானவர்களே, இந்த நினைவு நமக்கு அந்நியமானதா? வெள்ளவத்தையில் இன்று கூழ் காய்ச்சும் குடும்பங்களில் பல, ஒரு காலத்தில் மழையில் நடந்த குடும்பங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, நாவற்குழி ஊடாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அதுவும் ஐப்பசி மாதம், மழையும் பெய்தது. முதியவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்றவர்களும், குழந்தையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நடந்தவர்களும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். 1983 யூலையில் வெள்ளவத்தையிலேயே வீடுகள் எரிக்கப்பட்டபோது, கப்பலேறி வடக்கே சென்றவர்களின் நினைவும் நம்மிடம் உண்டு.

இதே திகதிக்கு இன்னொரு நினைவும் இருக்கின்றது. அதனையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் சில மணி நேர அவகாசத்தில் தம் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பலர் புத்தளத்தில் ஓலைக் குடில்களில் ஆண்டுக்கணக்காக மழையைக் கண்டனர். ஒரே திகதி, ஒரே நகரம், இரண்டு கண்ணீர். தன் கண்ணீரை மட்டும் நினைப்பவன் கூடார விழாவின் பொருளை அறியாதவன். நாமும் அந்நியராக இருந்தோம் என்ற நினைவே அந்நியருக்குக் கதவைத் திறக்க வைக்கும் என்று திருவிவிலியம் பல இடங்களில் போதிக்கின்றது.

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரம் மனத்தைத் தொடும் ஒரு காட்சியைக் காட்டுகின்றது. பாபிலோனில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தவர்களின் வழிமரபினர் எருசலேமுக்குத் திரும்பியிருந்தனர். திருச்சட்டம் வாசிக்கப்பட்டபோது அவர்கள் அழுதனர். அழவேண்டாம், சென்று உண்டு மகிழுங்கள், ஒன்றும் இல்லாதவருக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. அதன் பின்னர் அவர்கள் மலைக்குச் சென்று கிளைகளை வெட்டி வந்து, தத்தம் வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் தெருச் சதுக்கங்களிலும் குடில்கள் அமைத்தனர். யோசுவாவின் காலத்துக்குப் பின்னர் அத்தகைய கொண்டாட்டம் நடைபெற்றதில்லை என்று அந்நூல் கூறுகின்றது. இழந்து திரும்பியவர்களே வீட்டின் அருமையை அறிந்து கொண்டாடினர்.

ஆண்டவர் இயேசுவும் கூடார விழாவுக்கு எருசலேம் சென்றார் என்று யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் கூறுகின்றது. அந்நாள்களில் குருக்கள் சிலோவாம் குளத்தில் நீர் முகந்து வந்து பலிபீடத்தில் ஊற்றுவர். மழைக்கான வேண்டுதலாக அது கருதப்பட்டது. விழாவின் இறுதி நாளில், தாகமுள்ளோர் தம்மிடம் வருமாறு இயேசு உரத்த குரலில் அழைத்தார். வானத்து நீருக்காக மக்கள் கூடிநின்ற வேளையில், உள்ளத்தின் வறட்சியைத் தீர்க்கும் நீரைப் பற்றி அவர் பேசினார். யார் வரவேண்டும், யார் வரவேண்டாம் என்று அவர் வகுத்துச் சொல்லவில்லை. தாகம் ஒன்றே தகுதி.

ஒரே மழை, இரண்டு முகங்கள்

நாம் மாடியிலிருந்து இரசிக்கும் மழை எல்லோருக்கும் ஒரே முகம் காட்டுவதில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நம் நாட்டைத் தாக்கிய டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலையகத்தில் மண்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. களனி கங்கை பெருகி, கொழும்பின் புறநகர்த் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் மக்கள் படகுகளில் வெளியேறினர். அதற்குப் பின்னர், மழை தொடங்கியதும் இரவில் உறங்காமல் நீர்மட்டத்தைப் பார்த்திருக்கும் குடும்பங்கள் நம் அயலில் உண்டு. நமது கொத்தமல்லித் தண்ணீரின் சூட்டை நாம் அனுபவிக்கும்போது அவர்களை மறந்துவிடலாகாது.

அவர்களை நினைத்து நம் மகிழ்ச்சியைக் கைவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். இஸ்ரயேலருக்கு அவ்வாறு சொல்லப்படவில்லை. மகிழ்ச்சியைக் குறைக்காமல், அதில் பங்குபெறுவோரின் தொகையைக் கூட்டுமாறே அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

தொலைவில் மட்டுமன்று, நம் தொடர்மாடிகளிலேயே துணையற்றவர்கள் வாழ்கின்றனர். பிள்ளைகள் அனைவரும் வெளிநாட்டில். மாதந்தோறும் பணம் வருகின்றது. மருந்து வாங்க ஆள் இருக்கின்றது. ஆனால், மழை மாலையில் அருகிலிருந்து கதைக்க ஒருவரும் இல்லை. தொடக்கத்தில் நாம் கண்ட அந்தத் தாய், இலை சிவந்த படங்களை யாருக்குக் காட்டுவார்? பக்கத்து வீட்டுக் கதவு திறந்தால்தானே காட்டலாம்!

இவ்வாண்டு நாம் செய்யக்கூடியவை

அன்பார்ந்த வாசகரே, உங்கள் வீட்டில் ஓலைக் குடில் அமைக்கச் சொல்லவில்லை. சிறிய சில செயல்களை மட்டும் வேண்டுகின்றோம்.

மழை பெய்யும் ஒரு மாலையில், மின்சாரம் நிற்கும்வரை காத்திராமல், தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் நீங்களே அணைத்துவிடுங்கள். ஒரு மெழுகுதிரியை ஏற்றிக் குடும்பமாக அமருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள், பின்னர் செபியுங்கள்.

பிள்ளைகளுக்கு உங்கள் இடம்பெயர்ந்த கதையைச் சொல்லுங்கள். வெறுப்பை ஊட்டுவதற்காக அன்று. நன்றியை ஊட்டுவதற்காகச் சொல்லுங்கள். வழியில் தண்ணீர் கொடுத்தவரின் முகத்தை, தம் திண்ணையில் படுக்க இடம் தந்தவரின் முகத்தை மறக்காமல் சொல்லுங்கள். அக்கதையில் பிற சமூகத்தாரின் துயரத்துக்கும் இடம் கொடுங்கள்.

நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோரை நினைக்கும் நாளில், மாதம்பிட்டியிலோ பொரளைக் கனத்தையிலோ குடையின் கீழ் நின்று மெழுகுதிரி ஏற்றும்போது, கேட்பாரற்றுக் கிடக்கும் அடுத்த கல்லறைக்கும் ஒன்று ஏற்றுங்கள். அவர்களின் பிள்ளைகளும் எங்கோ ஒரு தேசத்தில், உதிர்ந்த இலைகளின் நடுவே இதே நாளை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

கூழ் காய்ச்சினால் ஒரு பலா இலை கூடுதலாக வாங்குங்கள். எதிர் வீட்டு முதியவரை அழையுங்கள். அவர் வரத் தயங்கினால் கூழை நீங்களே கொண்டு செல்லுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல் சற்று அமர்ந்திருந்து, அவர் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மழை இன்று மாலையும் வரக்கூடும். நல்லோர் மீதும் தீயோர் மீதும் அதனைப் பொழிகின்ற வானகத் தந்தை, உங்கள் இல்லத்தின் கூரையைக் காப்பாராக! அக்கூரையின் கீழ் இன்னும் ஒருவருக்கு இடமளிக்கும் உள்ளத்தையும் உங்களுக்குத் தருவாராக!